ஊர் சுற்றும் வீடு – 14: அனுமதி கேட்ட கடிதம்

கேட்காமலே இருந்திருக்கலாம்.

மூன்று வாரமாக மெரினின் மண்டைக்குள் இந்த ஒரு வரிதான் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவும்போது ஓடியது. கேரவன் ஜன்னலுக்குத் திரை தைக்கும்போது ஓடியது. இந்தச் சனிக்கிழமை காலையில் டோஸ்ட்டில் வெண்ணெய் தடவும்போதும் ஓடியது. டோஸ்ட் கருகிப்போயிருந்ததை மகள் டாலியா சொல்லித்தான் கவனித்தாள்.

விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வோம். ஹார்ஷம் ஊரில் பதினைந்து வருடம் சாலை போடும் வேலை பார்த்த டாரனுக்கு நீண்ட விடுப்பு சேர்ந்தது. அரைச் சம்பளத்தில் எடுத்து நாட்களை இரட்டிப்பாக்கி, சம்பளமில்லாத விடுப்பையும் ஒட்டவைத்து, ஒரு வருடமாக்கிக்கொண்டான். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற, கூரை ஒழுகிய ஒரு பழைய கேரவனை வாங்கி அவனே சரிபண்ணினான். ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை குடும்பத்தோடு கிளம்பி, நாட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வருவதாகத் திட்டம். வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்த்தாயிற்று. இன்னும் பத்தே நாள்.

குடும்பம் என்றால் நாலு பேர். டாரன், மெரின், பதினைந்து வயது டாலியா, எட்டு வயது வின்னி. இதில் வின்னி அவர்கள் பெற்ற பெண் இல்லை. பெற்றவளால் வளர்க்க முடியாமல், குழந்தைகள் நலத் துறை நான்கு வருடத்துக்கு முன் இந்த வீட்டில் கொண்டுவந்து விட்ட பெண். அப்படி வளர்க்கிற பிள்ளையை மாநில எல்லை தாண்டிக் கூட்டிப்போக வேண்டுமென்றால் துறையிடம் எழுதிக் கேட்க வேண்டும்.

"பள்ளிக்கூட லீவுன்னு சொல்லிட்டுக் கிளம்பு. எவன் வந்து பாக்கப்போறான்" என்றாள் தெருக்கோடி ஷெரில். அவளும் இப்படி மூன்று பிள்ளைகளை வளர்த்தவள்தான்.

மெரின் கேட்டால்தானே. நூலகப் புத்தகம் ஒரு நாள் தாமதமானாலும் மன்னிப்புச் சீட்டு எழுதி உள்ளே வைப்பவள் அவள். ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதினாள். போகிற வழி, தங்குகிற இடம், தபால் வழிப் பள்ளியின் பெயர், எந்த ஊரில் எந்த டாக்டர் என்று ஒன்று விடாமல் போட்டாள். கடிதத்தைப் பார்த்து டாரனே சிரித்தான்.

நான்கு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஃபைலை அந்தக் கடிதம் எழுப்பிவிட்டது. லோர்னா என்ற புது அதிகாரி, பொறுப்பானவள், முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பிள்ளையின் அப்பாவுக்கு ஒரு தங்கை உண்டு, பெயர் பிரான்வின் என்று ஒரு வரி இருந்தது. அந்தத் தங்கையை ஒருத்தரும் கூப்பிட்டுக் கேட்டதே இல்லை. லோர்னா கேட்டாள். கேட்ட பத்தாவது நிமிடம், "எங்க இருக்கா? நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று பிரான்வின் அழுதாளாம்.

சொந்தக்காரர் இருந்தால் பிள்ளை சொந்தக்காரரிடம்தான். அது சட்டம். ஆனால் எப்போது என்பதை அத்தையும் பிள்ளையும் சேர்ந்து சொல்லலாம் என்று லோர்னா ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருந்தாள். அத்தை இன்று பதினொரு மணிக்கு வருகிறாள்.

"நான் இருக்கட்டுமா?" என்றான் டாரன். கேரவனுக்குப் புது டயர் வாங்க டவுனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றான்.

"வேணாம். நீ இருந்தா பேசிப் பேசியே காரியத்தைக் கெடுத்துடுவ."

"நான் என்னத்த பேசினேன்?"

"லோர்னாகிட்ட வக்கீல் வைப்பேன்னு சொன்னது யாரு? பக்கத்து வீட்டுக்காரனா?"

டாரன் தலையைச் சொறிந்தான். "ஒரே ஒரு வருஷம்தான கேக்கப்போறோம், மெர். பயணம் முடியட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போகட்டும். ஒரு வருஷத்துல என்னென்னவோ மாறும்."

"என்ன மாறும்?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா மாறும்."

அவன் போன பிறகு மெரின் முகத்தைக் கழுவிக்கொண்டு, இருப்பதில் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். வருகிறவளை வெறுத்துவிட வேண்டும் என்று தீர்மானமாக இருந்தாள். வெறுப்பதற்கு வசதியாக ஒருத்தி வந்து இறங்கினால் போதும்.

அப்படி ஒருத்தி வரவில்லை. தூசி படிந்த சின்னக் காரிலிருந்து முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் இறங்கினாள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். வருடக்கணக்காக ஜன்னல் பக்கம் வெயில் பட்டு, வலது கை மட்டும் இடது கையைவிட ஒரு பங்கு கறுத்திருந்தது. போர்ட் அகஸ்டாவிலிருந்து ஏழு மணி நேரம் தனியாக ஓட்டிக்கொண்டு நேற்றே வந்து மோட்டலில் தங்கியிருக்கிறாள். ஒரு பை நிறைய ஆரஞ்சை நீட்டிவிட்டு, "வீட்டு மரத்துல காய்ச்சது. கொஞ்சம் புளிக்கும்" என்றாள்.

"உள்ள வாங்க."

"வரேன். ஒரு நிமிஷம்." பிரான்வின் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வழியெல்லாம் அழுதுட்டே வந்தேன். அவ பாத்துடக் கூடாது."

மெரினுக்கு அப்போதே பாதி பலம் போய்விட்டது.

மெரின் ஒரு தந்திரம் செய்து வைத்திருந்தாள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அத்தையை முதலில் வீட்டுக்குள் உட்காரவைக்காமல், "வின்னி, அத்தைக்குக் கேரவனைக் காட்டு" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளை கேரவனைப் பற்றிப் பேசும்போது அதன் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை இறக்கிவிடத் துணிய மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

வின்னி அத்தையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "ஷூவைக் கழட்டணும். இல்லேன்னா டாரன் கத்துவாரு."

பிரான்வின் கழற்றினாள்.

"நடுவுல இருக்கே, இது என் பெட். மேல டாலியா. அவ தூங்கும்போது காலைத் தொங்கப்போடுவா, நான் கிச்சுகிச்சு மூட்டுவேன். கீழ் பெட் சாமானுக்கு. ஆளுக்கு ஒரு டப்பாதான். என் டப்பாவுல இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு."

"தண்ணி எங்கிருந்து வரும்?"

"அடியில டேங்க். எவ்வளவு இருக்குன்னு தினம் பாத்துச் சொல்றது என் வேலை. தீந்துபோனா எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்க." அந்தப் பொறுப்பில் அவளுக்கு அவ்வளவு பெருமை. "டார்வின்ல முதலை பாக்கப்போறோம். நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லடா."

"நான் உங்களுக்கு போட்டோ அனுப்பறேன்."

அந்தக் குறுகலான படுக்கையில் தலை இடிக்காமல் குனிந்து உட்கார்ந்து, பிரான்வின் முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். தொட வேண்டும் என்று ஆசை இருந்தது. கை இரண்டு முறை எழுந்து எழுந்து மடியிலேயே விழுந்ததை வாசலில் நின்ற மெரின் பார்த்தாள்.

சமையலறை மேஜையில் டீயை வைத்ததும் பிரான்வின்தான் முதலில் பேசினாள்.

"நான் சண்டை போட வரலைங்க. அவ நல்லா இருக்கா. யாரோ ஒருத்தங்க அவளை நல்லா வெச்சிருக்காங்கன்னு தெரியாமயே நாலு வருஷம் நான் தூங்காம கெடந்திருக்கேன். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் துறைக்கு ஒரு கார்டு அனுப்புவேன். வந்துச்சா?"

"ஒண்ணுகூட வரல."

"சரி விடுங்க." அவள் டீயைக் கலக்கினாள். சர்க்கரை போட்டிருக்கவில்லை. "அவ உங்களோட இந்தப் பயணம் போகணும்னு சொன்னா, நான் ஒரு வருஷம் காத்திருக்கேன். லோர்னாகிட்டயும் சொல்லிடறேன். நாலு வருஷம் காத்தவளுக்கு இன்னொரு வருஷம் என்ன."

மெரினுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பால் எடுக்கிற சாக்கில் எழுந்துபோய், ஃபிரிட்ஜ் கதவின் மறைவில் நின்று டாரனுக்கு மெசேஜ் அடித்தாள்: "ஒத்துக்கிட்டாங்க. வின்னி சரின்னா ஒரு வருஷம்."

உடனே பதில் வந்தது. "நான்தான் சொன்னேன்ல. லாமிங்டன் கேக் வாங்கிட்டு வரேன். ரெண்டு டப்பா."

அவள் சிரித்துக்கொண்டே திரும்பியபோது, மேஜையில் ஒரு புகைப்படம் இருந்தது. சிவப்பு மழைக்கோட்டு போட்ட சின்னப் பையன். வின்னியின் அதே நெற்றி, அதே அகன்ற வாய்.

"இது யாரு?"

"ஆர்லோ. அவ தம்பி."

"அவளுக்குத் தம்பி கிடையாதே. ஃபைல்ல அப்படி எதுவுமே—"

"அவ அம்மா சொல்லி எழுதின ஃபைல்ல இருக்காது. அம்மா வேற. எங்க அண்ணனோட ரெண்டாவது பொண்டாட்டிக்குப் பொறந்தவன். வின்னி அப்போ எங்க அண்ணன் வீட்டுல ஒரு வருஷம் இருந்தா. இவன் பொறந்ததுலேருந்து மடியில வெச்சுக்கிட்டே திரிவா. அப்புறம் வின்னியோட அம்மா வந்து அவளைக் கூட்டிட்டுப் போயிட்டா, எங்க போனாங்கன்னே தெரியல. இவனுக்கு இப்ப அம்மாவும் இல்ல, போன வருஷம் அண்ணன் செத்துப்போனதுலேருந்து இவன் என்கிட்டதான். இப்ப அஞ்சு வயசு." பிரான்வின் படத்தை மெரின் பக்கம் நகர்த்தினாள். "வின்னிக்கு ஞாபகம் இருக்காது. நாலு வயசுக் கொழந்தைக்கு என்ன தெரியும்."

மெரின் படத்தைக் கையில் எடுத்தாள்.

தெரியும். அந்தக் குழந்தைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வந்த புதிதில் வின்னி எதைச் சாப்பிடக் கொடுத்தாலும் ஒரு துண்டை எடுத்துத் தனியே வைப்பாள். "இது பாப்பாவுக்கு" என்பாள். படுக்கையில் சுவரோரமாக ஒதுங்கிப் படுத்து, பக்கத்தில் இடம் விடுவாள். மெரின் ஃபைலைப் பார்த்தாள். அதில் பாப்பா இல்லை. மனநல ஆலோசகர், தனிமையில் வளர்ந்த பிள்ளைகள் இப்படிக் கற்பனையாக ஒரு துணையை வைத்துக்கொள்ளும், மென்மையாக எடுத்துச் சொல்லுங்கள் என்றார். மெரின் மென்மையாகத்தான் சொன்னாள். மடியில் உட்காரவைத்து, தலையைக் கோதி, "பாப்பான்னு யாரும் இல்லடா கண்ணு" என்றாள். ஒரு நாள் அல்ல, மாதக்கணக்காகச் சொன்னாள். ஒரு நாள் வின்னி முழு டோஸ்ட்டையும் தின்றுவிட்டு, "பாப்பான்னு யாரும் இல்ல" என்றாள். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள்.

"நான் இப்பவே அவகிட்ட சொல்ல முடியும்" என்றாள் பிரான்வின். "ஆனா அது தம்பியைக் காட்டி இழுக்கிற மாதிரி ஆயிடும். எனக்குப் பிடிக்கல. நீங்களே சொல்லுங்க. எப்போ சொல்லணும்னு உங்களுக்குத் தோணுதோ அப்போ. நாளைக்குக் காலைல நான் கிளம்பணும், திங்கட்கிழமை பஸ் எடுக்கணும். அதுக்குள்ள அவ என்ன சொல்றான்னு ஒரு ஃபோன் போட்டாப் போதும்."

கிளம்பிய பிரான்வின் வாசலில் மறுபடி நின்றாள். "ஆர்லோகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன், அக்காவைப் பாக்கப்போறேன்னு. சொல்லியிருக்கக் கூடாது. வாய் சும்மா இருக்கல."

கார் தெருமுனை திரும்பும்வரை மெரின் கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். திரும்பினால் டாலியா வீட்டு நடையில் நிற்கிறாள். கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சொல்லப்போறியா?"

"டாலி, நீ போய் உன் டப்பாவை அடுக்கு."

"அம்மா, கேள்வி கேட்டேன்."

"சொல்லாம எப்படி இருக்கறது?"

"ஏன் இருக்க முடியாது? அவங்களே சொல்லிட்டாங்க, உனக்கு எப்போ தோணுதோ அப்போன்னு. ஒரு வருஷம் கழிச்சுத் தோணட்டும்." டாலியாவின் குரல் உடைந்தது. சிநேகிதிகளை விட்டு வரமாட்டேன் என்று இரண்டு மாதம் கதவைச் சாத்திக்கொண்ட பெண் இவள்தான். "அவ இல்லாம நான் எதுக்கு அந்தப் பெட்டிக்குள்ள வரணும்? உங்க ரெண்டு பேர் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு ஒரு வருஷமா?"

"மெதுவாப் பேசு."

"அந்தப் பையனுக்கு அஞ்சு வயசு. அவனுக்கு வருஷம்னா என்னன்னே தெரியாது. நமக்குத் தெரியும்மா." அவள் மெரினின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பிடிப்பாளே, அப்படி. "ப்ளீஸ்ம்மா. அவகிட்ட யாரும் பொய் சொல்லச் சொல்லலையே. சும்மா இருன்னுதான் சொல்றேன்."

மெரினுக்கு அந்த நிமிடம் தன் மகளைக் கட்டிப்பிடித்து, சரி, சும்மா இருப்போம் என்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சும்மா இருப்பதில் என்ன கஷ்டம். எல்லாம் தயாராக இருக்கிறது. திரை தைத்தாயிற்று. படுக்கைக்கு மேல் அவளுக்கென்று சின்ன விளக்கு மாட்டியாயிற்று. ஒரு வருடம் அந்தப் பிள்ளை பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டு தூங்கும். ஐயோ, அது போதுமே.

"ஏற்கெனவே ஒரு தடவை அவகிட்ட பாப்பா இல்லேன்னு சொல்லிட்டேன், டாலி" என்றாள். "தெரியாம சொன்னேன். இப்ப தெரிஞ்சும் சொல்லாம இருந்தா நான் யாரு?"

டாலியா கையை விட்டாள். தன் அறைக்குப் போனாள். இந்த முறை கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

வின்னி வரவேற்பறைச் சோபாவில் அத்தை கொண்டுவந்த ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள். மெரின் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், படத்தை அப்படியே அவள் மடியில் வைத்தாள்.

வின்னி உரிப்பதை நிறுத்தினாள். படத்தைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தாள்.

"வளந்துட்டான்" என்றாள்.

"உனக்கு யாருன்னு தெரியுதா?"

"ஆர்லோ." பிறகு மெரினை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில், சந்தேகம்தான் இருந்தது. "நிஜமாவே இருக்கானா?"

"இருக்கான்டா. நான் சொன்னது தப்பு. நான் ரொம்பப் பெரிய தப்புப் பண்ணிட்டேன். நீ சொன்னதுதான் சரி."

"நான் கனவுன்னு நெனச்சேன்."

வின்னி ஒரு சுளையை எடுத்து மெரினின் கையில் வைத்தாள். புளிப்புதான். மெரின் தின்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை வீடு, அதில் ஆர்லோ, கேரவனில் வர விரும்பினால் ஒரு வருடம் கழித்துப் போகலாம் என்று அத்தை சொன்னது. எந்தப் பக்கமும் சாயாமல் சொல்ல வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள். டார்வினையும் முதலையையும்கூட விடாமல் சொன்னாள். அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வின்னி காலை ஆட்டிக்கொண்டு யோசித்தாள்.

"அவனும் நம்மகூட வர முடியுமா? சாமானை எல்லாம் கீழ் பெட்டுக்கு அடியில தள்ளிட்டா அந்த பெட் காலி."

"முடியாதுடா. அவன் அத்தைகிட்டதான் இருக்கணும்."

"அத்தை அவன்கிட்ட சொல்லிட்டாங்களா? என்னைப் பாக்க வராங்கன்னு?"

"ம். சொல்லிட்டுத்தான் வந்தாங்களாம்."

"அப்ப நான் போகணும், மெர்."

"இப்பவே முடிவு பண்ண வேணாம். நாளைக்குக் காலைல வரைக்கும்—"

"இல்ல. அவன் கதவுகிட்ட நின்னுக்கிட்டிருப்பான். வராங்கன்னு சொல்லிட்டு வரலேன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெற்றவள் பார்க்க வருவதாக ஏற்பாடு. வின்னி காலையிலிருந்து ஷூ போட்டுக்கொண்டு இதே அறையில் நிற்பாள். பெற்றவள் ஒரு முறையும் வரவில்லை. சாயங்காலம் ஷூவைக் கழற்றிவிடுவது மெரினின் வேலையாக இருந்தது. ஒரு நாளும் அந்தப் பிள்ளை அழுததில்லை. எப்படி இருக்கும் என்று சொன்னதும் இல்லை.

"எனக்கும் உங்களோட வரணும்" என்றாள் வின்னி. வாய் கோணியது. "ரெண்டும் வேணும். ஆனா அவன் சின்னவன்."

மெரின் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அழக் கூடாது என்று நினைத்ததெல்லாம் காற்றில் போயிற்று. இருவரும் அழுதார்கள். ஆரஞ்சு நசுங்கிச் சட்டையெல்லாம் சாறானது. அழுது முடிந்ததும், முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாள் கடத்தினால் மனது மாறிவிடும் என்று பயந்து, மெரின் அங்கேயே உட்கார்ந்து பிரான்வினுக்கு ஃபோன் போட்டாள்.

"சொல்லிட்டேன்" என்றாள். "வரேன்னு சொல்றா. வருஷமெல்லாம் வேணாமாம்."

அந்தப் பக்கம் பிரான்வின் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சந்தோஷப்பட வேண்டியவள் சந்தோஷப்படவில்லை. "உங்களுக்கு நான் என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலைங்க."

"ஒண்ணும் சொல்ல வேணாம். லோர்னாகிட்ட பேசிட்டு எந்த நாள்னு சொல்லுங்க. நீங்க மறுபடி ஏழு மணி நேரம் ஓட்ட வேணாம், நாங்களே கொண்டுவந்து விடறோம். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே ஒரு டப்பாவுல அடுக்கித்தான் இருக்கு. கூட்டிட்டு வரதுக்கு ஒரு நாள் போதும்."

வெளியே வண்டி நின்ற சத்தம் அவள் காதில் விழவில்லை. கதவு திறந்தது. இரண்டு கையிலும் இரண்டு கேக் டப்பாவோடு, கதவை முதுகால் தள்ளிக்கொண்டு டாரன் உள்ளே வந்தான். காலையில் சாவியைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றவன் இவன்தானா என்று கேட்கலாம், அப்படி ஒரு சிரிப்பு.

"யாரைக் கூட்டிட்டு வரோம்?" என்றான்.

மெரின் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தாள்.

சோபாவிலிருந்து வின்னி இறங்கி, அவன் கையிலிருந்து ஒரு டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"என்னைத்தான்" என்றாள்.